சும்மாடும் ஊஞ்சலும்: ரயில் பெட்டி நிதானமாக நிற்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ரயில்வேயில் இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க. ஆனா அறிவுரை மட்டும் வேண்டாம்" என்றார். நியாயமான கோரிக்கை. அதனால் நான் ஒரு உதிரிபாகத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் சைடு பேரர். தமிழில் பக்கத்தாங்கி என்று சொல்லலாம். ரயிலில் போகிற கோடிக்கணக்கான பேரில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பார்க்கக்கூடிய இடத்திலும் அது இல்லை.

நேற்று ராத்திரி வண்டியில் இங்கே வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். மேல் பர்த்தில் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். காலையில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தபோது அது பாதி சிந்தாமல் இருந்திருக்கும். இது எப்படி என்பதுதான் என் விஷயம்.

போகி எது, பெட்டி எது?

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் "எந்த போகி?" என்று கேட்டால் எந்தப் பெட்டி என்று அர்த்தம். ரயில்வேக்காரர்களுக்கு அப்படி இல்லை. பெட்டி என்பது மேலே நாம் உட்காரும் உடல். போகி என்பது அதன் அடியில் இருக்கும் வண்டி; நான்கு சக்கரம், இரண்டு அச்சு, ஒரு சட்டம், ஸ்பிரிங்குகள் எல்லாம் சேர்ந்தது. அமெரிக்காவில் இதையே 'டிரக்' என்பார்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. பெட்டி போகியோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். அப்படி முறுக்கினால் வளைவில் திரும்பவே முடியாது. பெட்டி போகியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? நடுவில் ஒரு முளை இருக்கிறது, சென்டர் பிவட் என்று பெயர். பாரம் முழுக்க அந்த முளையின் மேல்தான் என்று கல்லூரியில் படிக்கும் காலத்தில் நானும் நினைத்திருந்தேன். சென்னை பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, அதாவது நம் ஐ.சி.எஃப்., செய்த பெட்டிகளில் அந்த முளை பாரத்தில் ஒரு கிலோ கூடத் தாங்குவதில்லை. எஞ்சின் இழுக்கும்போதும் பிரேக் போடும்போதும் வரும் விசையைப் போகிக்கும் பெட்டிக்கும் நடுவே கடத்துவதுதான் அதன் வேலை. பாரம் முழுவதையும் சுமப்பது முளைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சைடு பேரர்கள். போகிக்கு இரண்டு, பெட்டிக்கு நான்கு.

சும்மாட்டுக் கணக்கு

இதற்கு நம் வீட்டுப் பெண்கள் தலையில் குடம் தூக்குவதை நினைத்துக் கொண்டால் போதும். குடத்தின் அடி உருண்டை. தலையும் உருண்டை. நேராக வைத்தால் குடம் சாயும். நடுவில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தால் பாரம் ஒரு புள்ளியில் நிற்காமல் ஒரு வட்டத்தில் பரவி நிற்கும். குடம் நிதானமாகிவிடும். ஐ.சி.எஃப். பெட்டியில் இரண்டு சைடு பேரருக்கும் நடுவில் உள்ள தூரம் 1600 மில்லிமீட்டர். அந்த 1.6 மீட்டர் அகலம்தான் பெட்டியின் சும்மாடு.

அமைப்பு மிக எளிமையானது. போகியின் குறுக்கே போல்ஸ்டர் என்று ஒரு உத்தரம் உண்டு. அதன் இரு பக்கமும் ஒரு சின்னத் தொட்டி. தொட்டிக்குள் எண்ணெய். எண்ணெயில் மூழ்கிய ஓர் எஃகுத் தகடு. அந்தத் தகட்டின் மேல் ஒரு வெண்கல வில்லை. டிப்போவில் 'வேரிங் பீஸ்' என்போம். வில்லையின் அடி தட்டை, தலை கோள வடிவம். பெட்டியின் அடிப்பகுதி அந்தக் கோளத் தலையில் உட்காரும். தூசி போகாமல் இருக்க மேலே ஒரு மூடி. இவ்வளவுதான் சைடு பேரர். வில்லையின் கனம் புதிதாக இருக்கும்போது 45 மில்லிமீட்டர். தேய்ந்து 42 ஆனால் மாற்றிவிட வேண்டும்.

வளைவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இயந்திரவியல் மாணவர்கள் மனக்கணக்காகவே போடலாம். இந்தப் பெட்டியில் இரண்டு போகி முளைகளுக்கும் இடையே 14.783 மீட்டர். அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவு பத்து டிகிரி வளைவு. அதன் ஆரம் 175 மீட்டர். பாதித் தூரத்தை ஆரத்தால் வகுத்தால் போகி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று வந்துவிடும். சுமார் இரண்டரை டிகிரி. முளையிலிருந்து 800 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் வில்லை அப்போது தகட்டின் மேல் எவ்வளவு நகரும்? சுமார் 34 மில்லிமீட்டர். இரண்டு விரல்கடை! மெயின் லைனில் வரும் இரண்டு டிகிரி வளைவில் வெறும் 7 மில்லிமீட்டர்.

ஆனால் நகரும்போது ஒவ்வொரு வில்லையின் மேலும் ஏழெட்டு டன் பாரம் இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு எட்டு டன் என்றே வைத்துக் கொள்வோம். எண்ணெய் இருக்கிறபோது உராய்வுக் கெழு 0.08 என்று எடுத்துக் கொண்டால், போகியைத் திருப்பத் தேவைப்படும் முறுக்கம் சுமார் ஒரு டன்-மீட்டர். எண்ணெய் வற்றி அதே கெழு 0.2 ஆனால்? இரண்டரை டன்-மீட்டர். இந்தக் கூடுதல் முறுக்கத்தை யார் கொடுப்பது? சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசி, தள்ளித்தான் கொடுக்க வேண்டும். பக்கவாட்டுத் தள்ளுதல் அதிகமாகி, அதே நேரம் அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தால், விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏற ஆரம்பிக்கும். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அதற்குப் பெயர் தடம் புரள்தல்.

அப்படியானால் உராய்வே இல்லாமல் செய்துவிடலாமே, உருளைகளோ பால் பேரிங்கோ போட்டுவிடலாமே என்று ஒரு தம்பி கேட்பார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பாம்பு ஓட்டம்

ரயில் சக்கரம் உருளை அல்ல, கூம்பு. நம் பாதைகளில் அதன் அடிப்படைச் சாய்வு 20க்கு 1. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. காரில் இருப்பது போல டிஃபரன்ஷியல் கிடையாது. சக்கர ஜோடி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய விட்டத்திலும் மறுபக்கச் சக்கரம் சின்ன விட்டத்திலும் ஓடும். உடனே ஜோடி தானே நடுவை நோக்கித் திரும்பும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் நடுவுக்கு வந்ததும் நிற்காமல் மறுபக்கம் போய்விடும். மறுபடியும் திரும்பும். இப்படிப் பாம்பு போல நெளிந்து நெளிந்து ஓடுவதுதான் அதன் இயல்பு. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். மோப்பம் பிடித்து அலையும் வேட்டை நாயை நினைத்துக் கொள்ளுங்கள்.

1883இல் கிளிங்கல் என்ற ஜெர்மானியர் இந்த நெளிவின் நீளத்துக்குச் சூத்திரம் கொடுத்தார். நம் அகலப் பாதை, 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதுச் சக்கரம், 20க்கு 1 சாய்வு என்று அதில் போட்டால் ஒரு நெளிவுக்குச் சுமார் 18 மீட்டர் வருகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் நெளிவு. சக்கரம் தேய்ந்து சாய்வு நான்கு மடங்கானால் நெளிவின் நீளம் பாதியாகிவிடும், எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் இந்த நெளிவு அடங்காது, வளரும். போகி முழுவதும் இடமும் வலமும் திரும்பித் திரும்பித் தண்டவாளத்தை அடிக்கும்.

1955 மார்ச்சில் பிரான்சில் மின்சார எஞ்சின்களைக் கொண்டு மணிக்கு 331 கிலோமீட்டர் வேகம் எடுத்தார்கள். உலக சாதனைதான். ஆனால் வண்டி போன பிறகு எடுத்த படத்தைப் பார்த்தால், தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும்!

ஜப்பானில் இதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் மட்சுதைரா. போருக்கு முன்பு கடற்படையில் விமானங்களின் அதிர்வை ஆராய்ந்தவர். போர் முடிந்து விமான வேலை போனதும் ரயில்வே ஆராய்ச்சிக்கு வந்தார். விமான இறக்கை படபடப்பதும் போகி நெளிவதும் ஒரே ஜாதி நோய் என்று அவர் கண்டுகொண்டார். 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஷின்கான்சென் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியபோது, அதன் பெட்டிகள் எதன் மேல் உட்கார்ந்திருந்தன தெரியுமா? சைடு பேரர் மேல்தான். அங்கே அதன் உராய்வு ஒரு குறையாக இல்லை. போகி தன் இஷ்டத்துக்கு நெளியாமல் பிடித்து வைக்கும் கையாக இருந்தது.

ஆக, சைடு பேரருக்கு இரண்டு எஜமானர்கள். வளைவு, "என்னைத் திரும்ப விடு" என்கிறது. நேர்பாதை, "அவனைத் திரும்ப விடாதே" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவான பிடி. அந்த அளவைக் கொடுப்பது வெண்கலமும் எஃகும் கொஞ்சம் எண்ணெயும்.

ஊஞ்சலும் டேஷ்பாட்டும்

சைடு பேரர் தனியாக வேலை செய்வதில்லை. அதைச் சுமக்கும் போல்ஸ்டர், காயில் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. அந்த ஸ்பிரிங்குகள் நிற்கும் கீழ்ப் பலகை, போகிச் சட்டத்திலிருந்து ஹேங்கர்களால் தொங்குகிறது. ஊஞ்சல் பலகை சங்கிலியில் தொங்குகிற மாதிரியேதான். போகி பக்கவாட்டில் வெட்டென்று ஆடினாலும் மேலே பெட்டி ஊஞ்சல் போல மெதுவாக அசைந்து நடுவுக்கு வந்துவிடும். போல்ஸ்டர் முன்னும் பின்னும் ஓடாமல் ஆங்கர் லிங்க் என்ற இரண்டு தண்டுகள் அதைச் சட்டத்தோடு பிடித்துக் கொள்கின்றன.

அச்சுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்குகளுக்குள் டேஷ்பாட் இருக்கிறது. ஒரு போகிக்கு எட்டு. எண்ணெய்க்குள் ஒரு மூடி ஏறி இறங்குகிறது. மூடியில் 5 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்பது துளைகள். எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், கை எப்படித் தடுக்கப்படுகிறது என்று தெரியும். ஸ்பிரிங் என்பது சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும் நாணயமான ஆள். வாங்கிய குலுக்கலை விழுங்கிவிட ஒருவன் வேண்டும். அதுதான் டேஷ்பாட். அதில் எண்ணெய் மட்டம் 40 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விழுங்குகிற வேலை சரியாக நடக்காது.

இடைவெளி விட்டால் என்ன ஆகும்?

சரக்கு வேகன்களில் கதை வேறு. பழைய முறைப்படி பாரம் நடு முளையின் தட்டில் நிற்கும். பக்கத்தில் சைடு பேரர் சும்மா ஒரு சின்ன இடைவெளி விட்டுக் காத்திருக்கும். வேகன் சாய்ந்தால்தான் வந்து தொடும். வெறும் வேகன் வேகமாகப் போகும்போது போகியைப் பிடித்து வைக்க யாரும் இல்லை என்பதால் நெளிவு சுலபமாக வரும். அது ஒரு குறை. இன்னொரு குறையை அமெரிக்கா பெரிய அளவில் அனுபவித்தது.

அங்கே தண்டவாளத் துண்டு 39 அடி. 40 அடி வேகனில் ஏற்ற வசதியாக வைத்த நீளம். நம் பாதையில் இடது இணைப்பும் வலது இணைப்பும் நேருக்கு நேர் இருக்கும். அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக, பாதி நீளம் தள்ளி வைத்தார்கள். இணைப்பு கொஞ்சம் தாழ்ந்தால் நம் வண்டி மேலும் கீழும் குதிக்கும். அவர்கள் வண்டி இடமும் வலமும் சாயும். 1960களில் உயரமான, நூறு டன் தானிய வேகன்கள் வந்தன. அவற்றின் முளைகளுக்கு இடையிலான தூரமும் ஏறத்தாழ 39 அடி. மணிக்கு 20 முதல் 35 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மெதுவாகப் போகும்போது, தண்டவாளம் தள்ளும் தாளமும் வேகன் ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டன. சின்னக் குழந்தை கூட ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளினால் பெரிய ஆளை உயரத் தூக்கிவிடும் அல்லவா? அதே மாதிரி ஒவ்வொரு இணைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் வளர்ந்து, கடைசியில் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தை விட்டே தூக்கியது. ஆமை வேகத்தில் போன வண்டிகள் தடம் புரண்டன.

அதற்கு ஒரு மருந்து, இடைவெளியை ஒழிப்பது. ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்து, எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும் சைடு பேரர். நம் நாட்டு கேஸ்னப் சரக்கு போகியும் இதே வழியில்தான் நடந்தது. முதல் மாடலில் உருளையும் இடைவெளியும். பிறகு வந்தவற்றில் ரப்பர்ப் பட்டை. அதற்கும் பிறகு ஸ்பிரிங் வைத்து எப்போதும் தொட்டுக் கொண்டிருப்பது. அவசரத்துக்கு வந்து தாங்குகிறேன் என்று ஒதுங்கி நிற்பவனைவிட எப்போதும் ஒரு கை கொடுத்துக் கொண்டே இருப்பவன் மேல் என்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, வேகனுக்கும் பொருந்தும்.

எண்ணெயில் தண்ணீர்

இனி நான் வேலை பார்த்த ஒரு டிப்போவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்டி மேல், "வளைவில் முனகுகிறது, உதறுகிறது" என்று புகார் வந்தது. பிட் லைனில் பார்த்தார்கள். ஸ்பிரிங் சரி, ஷாக் அப்சார்பர் சரி, சக்கர அளவு சரி. சாயங்காலம் வண்டி கிளம்ப வேண்டும். மேலேயிருந்து போனுக்கு மேல் போன். ஒரு மூத்த ஃபிட்டர் மட்டும், "சைடு பேரரைத் திறந்து பார்க்காம விட மாட்டேன் சார். நாளைக்கு நீங்களும் நானும் வீட்ல இருப்போம், அதுல எழுபத்திரண்டு பேர் படுத்திருப்பாங்க" என்றார். பெட்டியை 'சிக்' என்று எழுதி ஒதுக்கினோம். அதற்காக எனக்குக் கிடைத்த வசவை இங்கே திருப்பிச் சொல்ல முடியாது. முன்வரிசையில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கித் திறந்தால், ஒரு பக்கத் தொட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை. பெட்டி கழுவுகிற தண்ணீர் உள்ளே இறங்கி, எண்ணெய் மேலே மிதந்து வழிந்து போய்விட்டது. தண்ணீர் கனமானது, எண்ணெய் இலேசு. எட்டாம் வகுப்புப் பாடம். கீழே இருந்தது துருச் சேறு. வெண்கல வில்லை சீரில்லாமல் தேய்ந்து, தகட்டில் கோடு கோடாக விழுந்திருந்தது. அந்தப் போகியின் ஒரு பக்கச் சக்கர விளிம்பு ஏன் சீக்கிரமாக மெலிந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்தது. வில்லையையும் தகட்டையும் மாற்றி, மூடியைச் சரிசெய்து, எண்ணெய் ஊற்றி அனுப்பினோம். பிறகு அந்தப் பெட்டி மேல் புகார் வரவில்லை.

அந்த ஃபிட்டர் கிளிங்கல் சூத்திரம் படித்தவர் அல்ல. ஆனால் எந்தப் பகுதி எதைத் தாங்குகிறது என்று அவருக்குத் தெரியும். நான் சூத்திரம் படித்தவன். அவரிடம்தான் மூடியைப் பார்க்கக் கற்றேன்.

இனி என்ன?

1955 அக்டோபர் 2ஆம் தேதி பண்டித நேரு ஐ.சி.எஃப்.பைத் திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்து வடிவமைப்பில் தொடங்கிய அந்தப் பெட்டி வகையின் தயாரிப்பு 2018 ஜனவரியோடு அங்கே நின்றது. ஓடிக்கொண்டிருப்பவையும் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் இடத்துக்கு வந்த எல்.எச்.பி. பெட்டியின் போகியில் இந்த வெண்கல வில்லை கிடையாது. பெட்டியின் பாரம் நேராக ஸ்பிரிங்குகளின் மேல் வருகிறது. நெளிவை அடக்க யா டேம்பர் என்ற நீளமான எண்ணெய்த் தடுப்பான்கள். சாய்வைத் தடுக்க ஆன்டி-ரோல் பார் என்ற முறுக்குத் தண்டு. 2018இல் பெரம்பூரிலேயே செய்த 'டிரெயின் 18', இன்றைய வந்தே பாரத், காற்று ஸ்பிரிங்கின் மேல் மிதக்கிறது. சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் தொட்டது.

யா டேம்பரின் அழகு என்ன தெரியுமா? மெதுவாகத் திருப்பினால் விட்டுக் கொடுக்கும். வேகமாக உதறினால் எதிர்க்கும். வளைவில் திரும்புவது மெதுவான வேலை, நெளிவு வேகமான வேலை. சைடு பேரர் இரண்டு எஜமானர்களுக்கும் ஒரே பிடியைக் கொடுத்துச் சமாளித்தது. இது ஆளைப் பார்த்துப் பிடிக்கிறது. பொருள் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற அதே கேள்விதான்.

இன்னொன்றும் மாறவில்லை, தம்பி தங்கைகளே. சக்கரம் தண்டவாளத்தைத் தட்டும் விசையை அளக்கப் பாதையோரத்தில் கருவி வந்துவிட்டது. அச்சு பேரிங்கின் சத்தத்தைக் கேட்கும் கருவியும் வந்துவிட்டது. நல்லது, வரட்டும். ஆனால் ஒரு டேம்பரில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றும் ஒருவர் குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்து, கழுத்தை வளைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார். உங்களில் சிலர் கம்ப்யூட்டரில் போகியை ஓட்டிப் பார்ப்பீர்கள். சிலர் அந்தக் குழிக்குள் இறங்குவீர்கள். சிலர் மேலேயிருந்து போன் பண்ணி "வண்டி ஏன் கிளம்பலே?" என்று கேட்பீர்கள். மூன்றாவது நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: குழிக்குள் இருப்பவர் "திறந்து பார்க்கணும்" என்றால் திறக்க விடுங்கள். அறிவுரை வேண்டாம் என்று செயலாளர் சொன்னார். இதை வேண்டுகோளாகவே எடுத்துக் கொள்ளட்டும்.

இன்று ராத்திரி ஊருக்குத் திரும்பும்போது, வண்டி நிற்கையில் பிளாட்பாரத்தின் கோடியில் கொஞ்சம் குனிந்து போகியைப் பாருங்கள். ஸ்பிரிங் தெரியும், டேம்பர் தெரியும். பழைய பெட்டியாக இருந்தால் சைடு பேரர் தெரியாது. ஆனால் அது அங்கே எண்ணெயில் உட்கார்ந்து உங்களைச் சுமந்து கொண்டிருக்கிறது. வண்டி கிளம்புவதற்குள் ஏறிவிடுங்கள்!